ஒரு சதுர அட்டையும் தேவிகுளத்து வாசலும்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்தின் கோலப் போட்டி முடிந்ததும் ஒரு சகோதரி என்னிடம் வந்தார். "காலேஜ்ல நல்லா வரைவேன் அக்கா. இங்க வந்து பதினெட்டு வருஷமாச்சு, பென்சிலைத் தொடவே இல்லை. இனிமே வருமா?" என்று கேட்டார். கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு விரிவாகப் பேச முடியவில்லை. "வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் வரும், எப்படி வரும் என்பதை எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதன் பேரில் இக்கட்டுரையை எழுதுகிறேன். பாட்டு, நடனம், கவிதை, ஓவியம் என்று ஏதேனும் ஒன்றை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் நம்மில் பலர். எனக்கு விட்டுப்போனது கோலம். அது 22 ஆண்டுகள் கழித்து ஒரு பொதுக்கலைத் திட்டத்தின் வழியாகத் திரும்பக் கிடைத்தது.

தேவிகுளத்து வாசல்

நான் பிறந்தது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அருகிலுள்ள தேவிகுளம். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கும் மேலான மலை ஊர். 1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் இந்தக் கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். பிறகு தேயிலை வந்தது. தேயிலையோடு போடிநாயக்கனூர் வழியாக மலையேறித் தமிழர்களும் வந்தார்கள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஆனால் அவை கேரளத்திலேயே இருந்துவிட்டன. ஆகவே, அமெரிக்காவுக்கு விமானம் ஏறும் முன்பே நான் தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து வளர்ந்த தமிழச்சிதான்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை எங்கள் பக்கத்தில் லயம் என்போம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும் வரையில்தான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட அப்பா யோசிப்பார். ஆனால் படிக்கு முன்னால் நான்கடிக்கு நான்கடி மண் இருந்ததே, அதைப் பற்றி அம்மா யாரிடமும் கேட்டதில்லை. விடியுமுன் எழுந்து, பெருக்கி, சாணம் தெளித்து, கல்லுமாவில் கோலம் போட்டுவிட்டுத்தான் கொழுந்து எடுக்கப் போவார். அரிசிமாவில் போடுவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும். மற்ற நாட்களில் அரிசி சமையலுக்கே வேண்டியிருந்தது.

மார்கழியில் அங்கே சில நாட்கள் உறைபனி விழும். புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். வெள்ளைக்கு நடுவே வெள்ளைக் கோலம் எடுபடாது என்று அம்மா சுற்றிலும் காவி தீட்டுவார். எட்டு வீட்டுக்கும் எட்டுக் கோலம். தண்ணீர்க் குழாய்க்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். "இன்னைக்கு மூணாம் வீட்டுல போட்டதுதான் நல்லாருக்கு" என்பார்கள். அதற்குள் பாக்டரி சங்கு ஊதிவிடும்.

இதைச் சற்று விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இடம் சிறியது. நேரம் குறைவு. பார்க்க ஆள் இருந்தார்கள். மறுநாள் அது அழிந்துவிடும் என்பதால் தவறு செய்யப் பயமில்லை. ஒரு கலை உயிரோடிருக்கத் தேவையான எல்லாமே அந்த நான்கடி மண்ணில் இருந்தன. அப்போது இது எனக்குத் தெரியாது.

கை நின்ற கதை

1998இல் திருமணமாகி மேரிலாந்து வந்தேன். முதல் ஆண்டு தைப்பொங்கலன்று, அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைபாதையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோலம் போட்டேன். இரண்டு நாள் கழித்து, பொதுவழியில் எழுதக்கூடாது என்று அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. விதி அப்படி. ஆனாலும் அதன் பிறகு நான் வெளியே போடவில்லை. வீட்டுக்குள்ளே தரை விரிப்பு. குழந்தை, வேலை, கணக்கியல் தேர்வு, வீட்டுக் கடன் என்று ஆண்டுகள் ஓடின. ஒட்டுக் கோலம் ஒன்று வாங்கிப் பூஜை அலமாரிக்கு முன் ஒட்டிவைத்தேன். "நேரமில்லை" என்று சொல்லிக்கொண்டேன். பின்னர் "மறந்துவிட்டது" என்றேன்.

அங்கே அம்மாவுக்கும் இதே கதைதான். 2004இல் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போடிநாயக்கனூரில் தம்பியோடு குடியேறினார். மாடிப் போர்ஷன். "வாசல் கீழ்வீட்டுக்காரங்களது பாப்பா, நாம எங்க போடறது?" என்றார் ஒருமுறை.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். செய்தியைப் பார்த்துவிட்டு அம்மாவை அழைத்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசாமலிருந்தார். பிறகு, "வாசலோட போச்சு" என்றார். கொரோனா காலம் அது. விமானமும் இல்லை, போய்ப் பக்கத்தில் உட்காரவும் வழியில்லை. அன்று முதல் எங்கள் தொலைபேசிப் பேச்சு மருந்து, மாத்திரை, சாப்பாடு என்பதோடு சுருங்கிவிட்டது.

ஓர் அழைப்பு

அந்த ஆண்டு மார்கழியில் ஒரு தோழி இணையத்தில் வந்த அழைப்பு ஒன்றை அனுப்பினார். 2021 ஜனவரி 20 அன்று கமலா ஹாரிஸ் துணைக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்கவிருந்தார். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். தாய்வழிப் பாட்டனாரின் பூர்வீகம் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம். தேர்தல் முடிவு வந்தபோது அவ்வூர்ப் பெண்கள் வீதியில் கோலமிட்டு வாழ்த்தியதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதேபோல் தலைநகர் வாஷிங்டனிலும் கோலத்தால் வரவேற்போம் என்பதே அழைப்பின் சாரம். மேரிலாந்தில் வாழும் ஓவியர் சாந்தி சந்திரசேகர் அதில் முன்னின்றார். அரசியலைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. அந்தத் திட்டத்தின் அமைப்பு எப்படிப்பட்டது என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் நூற்றுக்கணக்கானோரை ஓரிடத்தில் கூட்டிக் கோலம் போடச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத பொருள்களைக் கொண்டு ஒரு துண்டுக் கோலம் செய்ய வேண்டும். துண்டுகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு பெருங்கோலம். அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் 1,800க்கும் மேற்பட்டோர் பங்கு பெற்றனர்.

பொதுக்கலை என்பது என்ன?

பூங்காவில் நிற்கும் சிலையையும் பொதுக்கலை என்பார்கள். ஆனால் நான் இங்கே சொல்வது ஊரார் கைகளும் சேர்ந்து செய்யும் கலையை. நமக்கு அருகிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. பிலடெல்பியா நகரில் 1984இல், சுவர்களில் கிறுக்கித் திரிந்த இளைஞர்களை வழிப்படுத்தும் பொருட்டு நகராட்சி ஒரு முயற்சியைத் தொடங்கியது. ஜேன் கோல்டன் என்ற ஓவியர் அந்தப் பிள்ளைகளிடமே தூரிகையைக் கொடுத்தார். இன்று அந்நகரில் ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள் உண்டு. எல்லோரும் சாரம் ஏறி வரைய முடியாதல்லவா? அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டார்கள். பெரிய ஓவியத்தைச் சதுரங்களாகப் பிரித்து, மெல்லிய துணித் துண்டுகளில் கோடிட்டுக் கொடுத்துவிடுவார்கள். பள்ளிக் குழந்தைகளும் முதியோரும் சிறையிலிருப்போரும்கூட இருந்த இடத்திலேயே வண்ணம் தீட்டித் தருவார்கள். பின்னர் அத்துண்டுகளைச் சுவரில் ஒட்டினால் ஓவியம் முழுமையாகிவிடும்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. சென்னையின் பல பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களைக் குடியேற்றிய இடம், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகர். 2020இல் சென்னை மாநகராட்சியும் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் சேர்ந்து அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களைப் பெரும் ஓவியங்களாக மாற்றின. மயிலாப்பூர் விழாவில் ஆண்டுதோறும் ஜனவரி மாதம் வடக்கு மாட வீதியில் பெண்களும் ஆண்களும் வரிசையாக உட்கார்ந்து கோலம் போடுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. யோசித்துப் பார்த்தால், உலகின் மிகப் பழைய, மிகப் பெரிய பொதுக்கலைத் திட்டம் நம் தெருக்களில்தான் தினமும் காலையில் நடக்கிறது. அதற்கு மனுவும் வேண்டியதில்லை, மானியமும் வேண்டியதில்லை.

இருபது புள்ளி, ஒரே இழை

அழைப்பைப் பார்த்ததும் எனக்கு ஆசை வரவில்லை, பயம்தான் வந்தது. 22 ஆண்டுகள் ஆயிற்றே! ஒரு பார்சல் பெட்டியை வெட்டி இரண்டடிச் சதுரம் ஒன்று எடுத்துக் கறுப்பு வண்ணம் அடித்துக் காயவைத்தேன். பிறகு அதன் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அம்மாவைக் காணொளியில் அழைத்தேன்.

"அம்மா, லயத்துல தினம் போடுவியே, அந்தச் சின்னக் கோலம், அது எத்தனை புள்ளி?"

"நாலு வரிசை. வரிசைக்கு அஞ்சு. இருபது புள்ளி. எதுக்குக் கேக்குற?"

சொன்னேன். அம்மா தம்பியைக் கூப்பிட்டுக் கைபேசியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அடுக்களைத் தரையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வயது எழுபத்து நான்கு. புள்ளி வைக்கும்போது கை நடுங்கியது. இழை இழுக்கத் தொடங்கியதும் நடுக்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தொடங்கிய இடத்திலேயே வந்து முடித்தார். என் மகள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிப் பாட்டி கையை எடுக்காமலே முடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஒரே இழையில போட்டாத்தானே தாயி சங்கு ஊதறதுக்குள்ள முடியும்!" என்றார் அம்மா.

மகள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. தாளில் போட்டுப் பார்த்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தாள். நீங்களும் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். கட்டம் கட்டமாகப் புள்ளிகளை வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே இழை குறுக்காகக் கடக்க வேண்டும். ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்ப வேண்டும். வேறு விதி இல்லை. நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி என்றால் ஒரே இழையில் முடியும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு தனி இழைகள். நான்குக்கு நான்கு என்றால் நான்கு இழைகள். அதாவது, அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை இழைகள்! அம்மா வகுத்தல் கணக்குப் படித்தவரல்லர். ஆனால் எந்தப் புள்ளிக் கணக்கு நேரத்துக்குள் முடியும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

இதைப் பெரிய அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தின் அமைப்பைக் கணினி மொழியின் இலக்கணமாக விளக்கி 1974இல் கட்டுரை வெளியிட்டனர். கோலத்தில் கணிதம் உண்டு என்று நம் பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லலாம்.

அன்றிரவு அட்டையில் புள்ளி வைத்தேன். முதல் முறை இழை கோணியது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்றாம் முறை வந்தது. சுற்றிலும் காவி நிறத்தில் ஒரு கரை கட்டினேன். மறந்துவிட்டது என்று நான் சொல்லிவந்தது பொய். கை எதையும் மறக்கவில்லை. அதற்கு ஒரு வாசல்தான் இல்லாமல் போயிருந்தது.

அனுமதி போனது, கோலம் நின்றது

முதலில் வெள்ளை மாளிகைக்கு வெளியே வைப்பதாக இருந்த பெருங்கோலத்தை, நாடாளுமன்றக் கட்டடம் அமைந்த கேப்பிட்டல் பகுதியில் வைக்கப் பின்னர் அனுமதி கிடைத்தது. ஆனால் ஜனவரி 6ஆம் தேதி அங்கே நடந்த வன்முறைக்குப் பின் பாதுகாப்பு கடுமையாக்கப்பட்டது. தரையில் கோலம் அமைக்க வழியில்லாமல், துண்டுகளைக் காணொளியாகத் தொகுத்து ஜனவரி 16 அன்று வெளியிட்டார்கள்.

மறுபடியும் பொதுவழியில் இடமில்லை என்று ஆனபோது எனக்குப் பழைய துண்டுச்சீட்டுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் இம்முறை நான் நிறுத்திவிடவில்லை. 1,800 பேருக்கும் நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது, அவ்வளவுதான். தனியாக இருந்தபோது ஒரு சீட்டு என்னை 22 ஆண்டுகள் நிறுத்திவைத்தது. கூட்டமாக இருந்தபோது அடைந்த கதவு ஒரு வாரத்தைக்கூட வீணாக்கவில்லை. காணொளியில் கோலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. என்னுடையது கண்ணில் பட்டதாக மகள் சொன்னாள். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் எல்லாக் கோலத்தையும் லயத்து வாசல்களைப் பார்ப்பது போலவே பார்த்திருக்கிறார். "அந்தப் பச்சைக் கரை போட்டவ நல்லா இழுத்திருக்கா" என்று ஒருத்தியைப் பாராட்டினார்!

அந்த மாதத்திலிருந்து சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்துச் சிமெண்டுத் தரையில் கோலம் போடுகிறேன். குளிர் அதிகமானால் அட்டையில் போடுகிறேன். அம்மா போடியில் மொட்டைமாடியில் போடத் தொடங்கினார். எங்கள் தொலைபேசிப் பேச்சில் மாத்திரைக்கு முன்னால் புள்ளிக் கணக்கு வந்துவிடுகிறது.

நம் சங்கத்தில் செய்ய

கலையை விட்டுவிட்டவர்களைத் திரும்பக் கொண்டுவர நம் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் இத்தகைய திட்டம் ஒன்றை எளிதாக நடத்தலாம். என் அனுபவத்தில் கண்டவை இவை.

முதலாவது, ஆளுக்கு ஒரு துண்டு போதும். "ஓர் ஓவியம் வரைந்து வாருங்கள்" என்றால் யாரும் வரமாட்டார்கள். "ஓரடி அட்டை ஒன்று" என்றால் எல்லோரும் வருவார்கள். அட்டையின் அளவும் பின்னணி நிறமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். மற்றதை அவரவர் கைக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, தேதி குறியுங்கள். தைப்பொங்கல் என்றால் தைப்பொங்கல். நேரம் கிடைக்கும்போது செய்வோம் என்றிருந்தால் அந்த நேரம் வராது என்பதற்கு நானே சாட்சி.

மூன்றாவது, பரிசு வேண்டாம். போட்டிக்குத் தனி நாள் இருக்கட்டும். பல ஆண்டுகள் கழித்துக் கை வைப்பவருக்கு மூன்றாம் பரிசு கிடைக்காமல் போனால் இன்னும் பல ஆண்டுகள் போய்விடும்.

நான்காவது, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். அம்மா, அத்தை, பாட்டி, தெரிந்தால் தாத்தா யாராக இருந்தாலும் சரி. அவர்கள் போட்டுக்காட்டும்போது படம்பிடித்து வையுங்கள்.

ஐந்தாவது, பூங்கா, நூலகம் போன்ற பொதுவிடமானால் அனுமதியை முன்னதாகவே எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பள்ளிக்கூட உணவறைத் தரையில் அடுக்குங்கள்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான். உங்களுக்குக் கை இருக்கிறது தங்கச்சி. நாலு பேர் நடந்து போகும் வாசல்தான் வேண்டும். வரும் பொங்கலுக்கு ஓர் அட்டை வெட்டி வைக்கிறேன். இருபது புள்ளி, ஒரே இழை. வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்.